ஒரே 'அ'வா, பல 'அ'வா?

முதல் வகுப்புப் பயிற்சிப் புத்தகங்களில் 'அ' புள்ளிகளாக அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளை பென்சிலால் புள்ளிகளை இணைத்துக்கொண்டே போக வேண்டும். வரி முடிந்தால் அடுத்த வரி, பக்கம் முடிந்தால் 'ஆ'. இதில் தத்துவம் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது. பிள்ளை வருவதற்கு முன்பே 'அ' முழுமையாக இருக்கிறது. அதற்குச் சரியான உருவம் ஒன்றே ஒன்று. அந்த உருவத்தை விட்டு விலகாமல் கை போய்ப் பழகினால் எழுத்து மனத்தில் பதிந்துவிடும் என்பது அந்தக் கொள்கை. இது நேற்று வந்ததல்ல. எழுத்து என்றும் மாறாத ஒன்றா, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பதா என்று இந்தியத் தத்துவ மரபு நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறது. அந்த வாதத்தையும் அண்மைக் கால வகுப்பறை ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புள்ளி எழுத்துக்கு நாம் கொடுத்திருக்கும் முதலிடம் அதற்கு உரியதல்ல என்றே எனக்குப் படுகிறது.

வாதத்தின் ஒரு பக்கத்தில் நின்றவர்கள் வேத விளக்க மரபினரான மீமாம்சகர்கள். வேதம் யாராலும் ஆக்கப்படாதது என்று நிறுவ வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அதற்கு ஒலியே என்றும் உள்ளது என்று காட்டியாக வேண்டும். ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரர் இதற்கு அன்றாடப் பேச்சிலிருந்தே சான்று எடுக்கிறார். ஒருவர் 'பசு' என்ற சொல்லை எட்டு முறை உச்சரித்தால், 'அந்தச் சொல்லை எட்டு முறை சொன்னார்' என்கிறோமே தவிர 'எட்டுச் சொற்களைச் சொன்னார்' என்பதில்லை. ஆகவே நாக்கு வெளிப்படுத்துவது ஏற்கெனவே இருப்பதைத்தான். அது புதிதாக எதையும் படைப்பதில்லை. தருக்க மரபினரான நையாயிகர்கள் இதை ஏற்கவில்லை. ஒலி தோன்றுகிறது, அழிகிறது. நேற்றைய 'க'வும் இன்றைய 'க'வும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை, அவ்வளவுதான் என்றார்கள். பௌத்தரான திக்நாகர் அந்தப் பொது இனத்தையும் விட்டுவைக்கவில்லை. பசு என்று அறிவது 'பசு அல்லாதவற்றை' விலக்குவதுதான். விலக்கலுக்கு அப்பால் எல்லாப் பசுக்களிலும் குடியிருக்கும் 'பசுத்தன்மை' என்று ஒன்று கிடையாது என்பது அவருடைய அபோகக் கொள்கை. தமிழுக்கு இந்த வழக்கு அந்நியமல்ல. மணிமேகலையின் 29ஆம் காதை தருக்கத்தை விளக்கும்போது, ஒலி நிலையானதா நிலையற்றதா என்பதையே எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்பக் கையாள்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரையும் மீமாம்சகரையும், சொல்லே பிரமம் என்னும் சத்தப் பிரமவாதியையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி மறுக்கிறார்.

இவர்கள் எல்லோரும் பேசியது காதில் விழும் ஒலியைப் பற்றி. அதைக் கையால் வரையும் வடிவத்துக்கு நீட்டுவது என் பொறுப்பில்தான். ஆனால் நீட்டிப் பார்க்க நியாயம் இருக்கிறது. பல கைகள், பல அளவுகள், பல கோணல்கள். இவை அத்தனையையும் ஓர் எழுத்து என்று பிள்ளை எப்படி அறிகிறது என்பது சபரரின் கேள்வியேதான், இடம்தான் திண்ணையிலிருந்து பலகைக்கு மாறியிருக்கிறது.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ், லாரா எங்கெல்ஹார்ட் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு எதிர்பாராத திசையிலிருந்து வெளிச்சம் தருகிறது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சில எழுத்துகளைப் பார்த்துத் தாங்களாகவே எழுதவும், சிலவற்றைக் கோட்டின் மேல் எழுதவும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டவும் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். வாசிப்பில் ஈடுபடும் பகுதிகள் தாங்களாக எழுதிய எழுத்துகளுக்கே தெளிவாக விழித்துக்கொண்டன. தட்டச்சு அந்த விளைவைத் தரவில்லை என்பதில் வியப்பில்லை. கோட்டின் மேல் எழுதியதும் தரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அங்கும் பென்சில் இருந்தது, விரல் அசைந்தது, கண் தொடர்ந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: கோணல். தானாக எழுதும் பிள்ளையின் கையிலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு உருவம் வருகிறது. கோட்டின் மேல் எழுதினால் எத்தனை முறை எழுதினாலும் அதே உருவம்தான்.

அந்த ஆய்வில் பிள்ளைகள் மிகச் சிலரே. ரோமன் எழுத்துகள் வேறு. அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது அவசரம். ஆனால் 2016இல் ஜேம்ஸும் ஜூலியா லீயும் ஐயத்தின் வேரையே தேடிப் போனார்கள். கை அசைவதால் பயன் கிடைக்கிறதா, கை விதவிதமான உருவங்களை உண்டாக்குவதால் கிடைக்கிறதா? ஐந்து வயதுப் பிள்ளைகள் 72 பேருக்குக் கிரேக்க எழுத்துகளை ஆறு வழிகளில் கற்பித்தார்கள். மூன்று வழிகளில் பிள்ளைகள் எழுதினார்கள். மற்ற மூன்றில் பார்த்துப் பெயர் சொன்னார்கள். விதவிதமான உருவங்களைச் சந்தித்த குழுக்கள் எல்லாம், எழுதியிருந்தாலும் சரி, வெறுமனே பார்த்திருந்தாலும் சரி, ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பச் சந்தித்த குழுக்களைவிட எழுத்தை இனம்பிரிப்பதில் மேலாக இருந்தன. கைக்கென்று தனி மந்திரம் இல்லை. பலவாக வருவதில்தான் விஷயம் இருக்கிறது. கையால் எழுதுவதை வானளாவப் புகழ்வோருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். கை பயன்படாத பிள்ளையும் படிக்கக் கற்கிறதே, எப்படி என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு விதவிதமான எழுத்துகளைக் கண்முன் கொண்டுவந்து காட்டினால் போதும். கை இருக்கும் பிள்ளை அந்த வகைகளைச் செலவில்லாமல் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

ஆக, பிள்ளையின் கோணல் 'அ' என்பது எழுத்தறிவு இன்னும் வராததன் அடையாளம் என்று நாம் நினைத்திருந்தோம். எழுத்தறிவு வரும் வழியே அதுதான் என்கிறது சான்று. மாறாத ஓர் உருவம் மனத்தில் இறங்குவதில்லை. மாறிக்கொண்டே இருக்கும் பலவற்றிலிருந்து, எது மாறினாலும் 'அ' போகாது, எது மாறினால் 'அ' போய்விடும் என்ற எல்லையைப் பிள்ளை கண்டுகொள்கிறது. இங்கே சபரரைவிட நையாயிகரும், அவரைவிட பௌத்தரும் வகுப்பறைக்கு அருகில் நிற்கிறார்கள்.

நம் திண்ணைப் பள்ளிகள் தத்துவம் பேசாமலே இதைச் செய்தன. பிள்ளையின் முதல் ஏடு தரையில் பரப்பிய மணல். தொடக்கத்தில் ஆசிரியர் விரலைப் பிடித்து எழுதவைப்பார். பிறகு பிள்ளை வாயால் எழுத்தைச் சொல்லிக்கொண்டே தானாக எழுதும், அழிக்கும், மறுபடி எழுதும். மணலில் புள்ளிக்கோடு நிற்காது. ஒவ்வோர் எழுத்தும் புதிதாகத்தான் வர வேண்டும். எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதை விடுதியின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் இந்த மணல் முறையை உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொண்டு, மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தோடு சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்து அதை 'மதராஸ் முறை' என்றே அழைத்தது. மணலைச் சிக்கனத்துக்கான ஏற்பாடாகவே அன்றைய சீர்திருத்தக்காரர்கள் பெரும்பாலும் பார்த்தார்கள். காகிதச் செலவு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் எழுதுகிறவருக்குத் தடம் எதையும் போட்டுத் தராதது அதன் பெரிய குணம். திண்ணைப் பள்ளியின் பிரம்பையும், அந்தத் திண்ணையில் யாருக்கு இடமில்லாமல் இருந்தது என்பதையும் மறந்துவிட்டு மணலை மட்டும் கொண்டாட முடியாது. அதற்காக மணல் சொல்லும் செய்தி பொய்யாகிவிடுவதும் இல்லை.

எதிர்வாதம் சாதாரண இடத்திலிருந்து வரவில்லை. பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' உரையாடலில், எழுதத் தெரியாத சிறுவர்களுக்கு ஆசிரியர் எழுத்தாணியால் கோடு வரைந்து கொடுத்து அதன்படி எழுதச் சொல்வது போல, நகரம் சட்டங்களை வரைந்து கொடுத்துக் குடிமக்களை அதன்படி நடக்கச் சொல்கிறது என்று வருகிறது. ரோமானிய ஆசிரியர் குவிண்டிலியன் ஒரு படி மேலே போய், பலகையில் எழுத்துகளைப் பள்ளமாகச் செதுக்கிக் கொடுத்தால் எழுத்தாணி விளிம்பு தாண்டாது, கை சீக்கிரம் உறுதிப்படும் என்று பரிந்துரைக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் முழுக்க வீணாக இருக்க முடியுமா? வீணில்லை. ஆனால் அது எதற்கு உதவியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்தை இனங்காண்பது வேறு. எழுத்தைச் சீராக, வேகமாக, பிறர் படிக்கும்படி எழுதுவது வேறு. குவிண்டிலியன் பேசியது இரண்டாவதைப் பற்றி. அதில் அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். சுழியை எந்தப் பக்கம் தொடங்குவது, கோட்டை எங்கே முடிப்பது என்பதெல்லாம் தடத்தின் மேல் போனால் விரைவில் கைவரும். எழுத்தை ஏற்கெனவே அறிந்த பிள்ளைக்குத் தடம் உதவி. அறியாத பிள்ளைக்கு அது கற்றுக்கொண்டது போன்ற தோற்றத்தை மட்டும் கொடுத்துவிடக்கூடும். பக்கம் அழகாக இருக்கும், பெற்றோர் மகிழ்வார்கள். அடுத்த நாள் வேறு அச்சில் 'அ'வைக் காட்டினால் பிள்ளை விழிக்கும்.

இதைவிடக் கூர்மையானது மீமாம்சகரான குமாரிலரின் எதிர்ப்பு. 7ஆம் நூற்றாண்டில் அவர் பௌத்தரை மடக்கிய விதம் இது: பசு அல்லாததை விலக்க வேண்டுமானால் பசு எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், பசுவைத் தெரிந்துகொள்ள விலக்கல் வேண்டும் என்றால் இது முடிவில்லாத சுற்று. வகுப்பறைக்குப் பொருத்தினால், கோணல்கள் எல்லாம் ஒன்றின் வகைகள் என்று பிள்ளைக்கு யார் சொன்னது? அந்த ஒன்று முன்பே இருந்தால்தானே வகைகள்? விடையின் ஒரு பாதி மிக எளிது: ஆசிரியர் சொன்னார். ஒவ்வொரு கோணலுக்கும் 'அ' என்ற ஒரே பெயரை வாயால் சொல்லிப் பிள்ளை எழுதுகிறது. இங்கே சொல்லையும் பொருளையும் இணைப்பது வழக்கே என்ற நையாயிகரின் வாதம் நிற்கிறது. மறுபாதி, குமாரிலர் கற்பனை செய்த அறிவு முழுதாக இருக்கும் அல்லது இல்லாமலே இருக்கும் என்பதில் இருக்கிறது. பிள்ளையின் அறிவு அப்படி வருவதில்லை. 'ன'வைப் பாதி தெரியும், 'ண'வைப் பாதி தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிச் சுழிகளை எண்ணிப் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்தே தெளிகின்றன. அபோகம் சுற்றுத்தான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தெளிவு கூடிக்கொண்டு போகும் சுற்று. அதனால்தான் 'அ'வை ஒரு பக்கம், 'ஆ'வை ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஒழுங்குபடுத்தும் பாடத்திட்டத்தைவிட, எ-ஏ, ல-வ, ன-ண, ர-ா என்று குழப்பக்கூடியவற்றை வேண்டுமென்றே எதிரெதிரே நிறுத்தும் செயல்பாடுகள் பயன் தருகின்றன. மின்னட்டைகளைப் பிரித்துக் குவிப்பது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பது, சுவரொட்டியிலும் பேருந்துப் பலகையிலும் அதே எழுத்தைத் தேடுவது எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

மாறாத உருவம் ஒன்று உண்டு என்று இன்னமும் நம்புகிறவர்களுக்குத் தமிழே மறுப்பு வைத்திருக்கிறது. ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. குறிலா நெடிலா என்பதையும் இடம் நோக்கியே படித்தார்கள். ஏகார ஓகார வேறுபாட்டை இன்றைய முறையில் தெளிவாக்கிய பெருமை 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவருக்குச் சேர்க்கப்படுகிறது. பெரியார் 1935இலேயே 'குடிஅரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. தும்பிக்கை போல் மேலே வளைந்த பழைய 'ணை', 'லை', 'னை' போயின. 'ணா', 'றா', 'னா' துணைக்காலோடு வந்தன. பழைய உருவத்தில் கற்றவர்கள் புதிய உருவத்தைப் புதிய எழுத்தாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. உருவம் ஒன்றாக இருந்ததால்தான் எழுத்து ஒன்றாக இருந்தது என்றால் இது நடந்திருக்காது. மீமாம்சகர் இங்கே, 'பார்த்தீர்களா, உருவம் மாறியும் எழுத்து மாறவில்லையே!' என்று கைதட்டலாம். மாறாமல் நின்றது, பிற எழுத்துகளிலிருந்து அதை வேறுபடுத்தும் இடமும் அதற்கு நாம் கொடுத்த ஒலியும்தான் என்று அவருக்குப் பதில் சொல்லலாம். அந்த இரண்டையும் மனிதர் கூடி முடிவு செய்தார்கள். அரசாணையே அதற்குச் சாட்சி.

கடைசியாக, எழுத்து தெய்வம் என்று நம்புகிறவர்களின் தயக்கம். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதவைக்கும் மரபில் எழுத்து அருளப்படுவது, பெற்றுக்கொள்ளப்படுவது. அதைக் கிறுக்கவிட்டுக் கற்பிப்பது அவமரியாதை ஆகாதா? அந்தச் சடங்கையே கவனித்தால் தயக்கம் தீரும். அரிசியில் விழும் 'அ' ஒருபோதும் அச்சு 'அ' போல இருப்பதில்லை. பெரியவர் கை பிடித்திருந்தும் கோணித்தான் வரும். அதை யாரும் திருத்துவதில்லை, கோணலாக வந்ததால் சடங்கு பலிக்கவில்லை என்று சொல்வதும் இல்லை. தட்டை அசைத்ததும் அந்த உருவம் போய்விடுகிறது. அன்று கோணலை எழுத்தென்று ஏற்றுக்கொண்ட வீடு, அடுத்த மாதம் அதே பிள்ளையின் நோட்டில் அதே கோணலைச் சிவப்பு மையால் சுழிப்பதற்குச் சமயத்தில் காரணம் தேட முடியாது. சிவப்பு மை தேவைப்படுவது பிள்ளையின் 'அ' கோணும்போதல்ல, 'ஆ' என்று படிக்கும்படி ஆகும்போது. அந்த இரண்டையும் வேறுபடுத்தித் திருத்த ஆசிரியருக்கு நேரம் வேண்டும், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது எளிதில் கிடைக்காது. புள்ளிக்கோட்டுப் பக்கம் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.