நோயுற்றார் இல்லமும் அறப்பணியும்

இல்லத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டவிடத்து, அக்குடும்பத்தார் ஆலயப் பணியினின்றும் விலகலாமா என்னும் ஐயம் நம்மவரிடையே எழுகின்றது. அன்னதானத்தில் முன்னின்ற மருமகளை இவ்வாண்டு காணோமே என்பாரும் உளர். (அவர்கள் பாத்திரம் துலக்க வருவதில்லை என்பது வேறு செய்தி.)

அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று. அது துறவியர்க்காற்றும் தொண்டையே முதன்மையாகக் குறிப்பினும், பிணியுற்ற மாமியார்க்குக் கஞ்சி காய்ச்சித் தருதலை அதற்குப் புறம்பென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

மேலும், மருந்து ஏற்றிய ஓரிரு வாரங்களில் நோயாளியின் குருதியில் வெள்ளணுக்கள் குறைகின்றன. சிறு காய்ச்சலும் பேரிடராகலாம். அந்நாள்களில் கூட்டத்திற் கலந்து தொற்றை இல்லத்திற்குக் கொணர்தல் தொண்டாகுமா? விலகி நிற்றலே அப்போது அகிம்சை. அன்னதானக் கணக்கை வீட்டிலிருந்தே எழுதலாம். உடல் தேறிய நாள்களில், நோயாளியே விரும்பின், பிள்ளைகளுக்கு நீதிநூல் சொல்லித் தரலாம். தம்மாலும் பயனுண்டு என்னும் எண்ணம் அவர்க்கும் வேண்டுமன்றோ?

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகை. கொடுத்தே பழகிய குடும்பங்கள் பெறக் கூசுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தவாசிப் பக்கமிருந்து சென்று வருவோர், பொழுது சாயுமுன் வீடு திரும்பிச் சமைத்துண்ணல் அரிது. அண்டை வீட்டார் கட்டித் தரும் சோற்றை வேண்டா என மறுப்பது தன்மானமா, அன்றி நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய மானமா?