கவசத்தோடு பிறந்தவர்கள்

முண்டியம்பாக்கத்தைச் சுற்றி, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில், கோடை வந்துவிட்டால் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் தெருக்கூத்து. கடைசி நாளில் படுகளம், அதன்பின் தீமிதி. இத்தனை பாத்திரங்கள் வந்துபோகும் இந்தக் கதையில் ஜனங்கள் மனம் இரங்குவது கர்ணனுக்குத்தான். கர்ண மோட்சம் என்றால் விடியும்வரை எழுந்து போகமாட்டார்கள்.

கர்ணன் கதைக்குள் ஒரு விளையாட்டுப் போட்டி இருக்கிறது. அஸ்தினாபுரத்தில் துரோணரின் மாணவர்கள் வித்தை காட்டும் அரங்கேற்றம். அர்ச்சுனன் செய்ததையெல்லாம் புதிதாக வந்த இளைஞன் ஒருவனும் செய்து காட்டுகிறான். அவனுடைய அம்பு குறி தவறவில்லை. எந்த விதியையும் அவன் மீறவில்லை. ஆனாலும் கிருபாச்சாரியார் எழுந்து நின்று, உன் குலம் என்ன, உன்னைப் பெற்றவர் யார் என்று கேட்கிறார். கர்ணன் தலை குனிகிறான். நீ என்ன செய்தாய் என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. நீ என்னவாகப் பிறந்தாய் என்ற கேள்விக்குத்தான் இல்லை.

2006 டிசம்பரில் அதே கேள்வி புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனிடம் கேட்கப்பட்டது. செங்கல் சூளையில் உழைத்த பெற்றோரின் மகள். 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர். அடுத்த ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 வினாடியில் முடித்து மீண்டும் வெள்ளி வென்றார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையைவிட வெறும் 0.03 வினாடி முன்னால். சில நாட்களில் அவரைப் பாலினச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அதில் அவர் தேறவில்லை என்ற செய்தி தொலைக்காட்சிகளில் ஓடியது. பதக்கம் பறிபோனது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றி அவளுக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டியதை ஊரே பேசியது. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி முன்னர் அறிவித்தபடியே 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். அந்த ஆதரவையும் மீறி அவமானம் தின்றது. 2007-இல் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். ஆசியாவின் இரண்டாவது வேகமான 800 மீட்டர் ஓட்டக்காரியாக இருந்தவர் பிறகு செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது.

ஒருவர் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாக்கலாமா? சமயமும் தத்துவமும் காலங்காலமாக மல்லுக்கட்டும் கேள்வி இது.

இதே தோஹாவும் இதே 800 மீட்டரும் இன்னொரு தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கையிலும் வருகின்றன. திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் ஆசியத் தடகளப் போட்டியில் 2 நிமிடம் 2.70 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். பின்னர் நான்ட்ரோலோன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து அவர் உடலில் இருந்ததாகச் சோதனை சொன்னது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று கோமதி மறுத்தார். ஆனாலும் பதக்கம் போனது, நான்கு ஆண்டுத் தடை வந்தது. அந்த முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: அங்கே விசாரிக்கப்பட்டது ஒரு செயல். மருந்து உள்ளே போனதா, எப்படிப் போனது என்று கேட்க முடியும். சாந்தி விஷயத்தில் அப்படிக் கேட்க எதுவுமே இல்லை. அவர் பிறந்தார், வளர்ந்தார், ஓடினார்.

பதக்கம் பறித்தவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக ஓடவிட்டால் பெரும்பாலான ஓட்டங்களில் பெண்களுக்கு மேடையே கிடைக்காது. அதனால்தான் பெண்கள் பிரிவு. பிரிவு என்று ஒன்று இருந்தால் எல்லைக்கோடும் இருந்தாக வேண்டும். 0.03 வினாடியில் பின்தங்கிய அந்தக் கஜகஸ்தான் வீராங்கனையும் நேர்மையாகத்தான் ஓடினார். அவருக்கும் கேட்க உரிமை உண்டு.

ஆனால் அந்தக் கோட்டை எங்கே போடுவது? இங்கேதான் முண்டியம்பாக்கத்தின் இன்னொரு முகம் உதவுகிறது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் இந்த ஊரைக் கடப்பவர்களுக்கு முதலில் தெரிவது விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே படிக்கும் மாணவர்களின் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது: ஒய் குரோமோசோம் இருந்தும் பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளரும் உடல்கள் உண்டு, ஹார்மோன் சுரந்தும் அதை ஏற்றுக்கொள்ளாத உடல்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் சோதனையில் தேறாமல் போனார். வாழ்க்கை குலைந்தது. அவருடைய உடல் ஆண் ஹார்மோனை ஏற்காது என்று நிரூபித்து 1988-இல்தான் ஓடும் உரிமையை மீட்டார். இப்படிப் பல குளறுபடிகள் நேர்ந்த பிறகே, 1968 முதல் எல்லா வீராங்கனைகளுக்கும் நடத்திவந்த சோதனையை 1999-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கைவிட்டது.

இன்னொரு பக்கம் பாருங்கள். பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டா 1960, 1964 ஒலிம்பிக் போட்டிகளில் மூன்று தங்கம் வென்றவர். அவர் குடும்பத்தில் பரம்பரையாக வந்த ஒரு மரபணு மாற்றத்தால் அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மற்றவர்களைவிட மிக அதிகம். மூச்சு வாங்கும் விளையாட்டில் அது பெரும் பலம். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தபோது உலகம் வியந்தது. பதக்கத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இதே மனிதர் 1972-இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். அது குற்றமாகவே எழுதப்பட்டது. ஒரே உடலில் பிறப்பால் வந்ததற்கும் செயலால் வந்ததற்கும் உலகம் வேறு வேறு தீர்ப்புச் சொன்னது, சரியாகவே சொன்னது. சாந்தியிடம் மட்டும் பிறப்பால் வந்ததைச் செயலால் வந்ததுபோல் தண்டித்தது.

வினைக்கொள்கையை நம்புகிறவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: பிறப்பும் முன்வினைப் பயன்தானே? இருக்கட்டும். முன்வினையின் கணக்கை இறைவன் பார்ப்பான் என்றுதான் அந்தக் கொள்கை சொல்கிறது. தடகளச் சங்கத்தின் கையில் அந்தக் கணக்குப் புத்தகத்தை அது கொடுக்கவில்லை. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்து, அதன் பெருவலியை ஒப்புக்கொண்டு அறத்துப்பாலை முடித்தார். அதோடு நிற்காமல் பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். உலகியலில் ஒருவரை எடைபோட வேண்டிய இடத்தில் அவர் எடுத்துவைத்தது முயற்சியை.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில்தான் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைச் செய்தார். அவர் வழியில் வந்த சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைச் சொல்லும். உடலும் கருவிகளும் உலகமும் நுகர்வும் உயிருக்கு இறைவன் கொடுத்தவை. உயிர் பக்குவப்படுவதற்காகக் கொடுக்கப்பட்டவை. இந்தக் கண்ணோட்டத்தில் உடல் ஒரு கருவி. நீளமான கால் வாய்த்ததற்காக யாரும் மார்தட்ட முடியாது. ஹார்மோன் கூடுதலாக வாய்த்ததற்காக யாரும் கூனிக்குறுகத் தேவையுமில்லை. கொடுத்த கருவியைக்கொண்டு சாந்தி விடியற்காலையில் எழுந்து, வெறுங்காலில் ஓடி, வயிற்றைக் கட்டிப் பயிற்சி எடுத்து, கடைசி நூறு மீட்டரில் விட்டுக்கொடுக்காமல் இருந்தாரே, அந்த உழைப்பு அவருடையது. பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றலாம். ஓடிய ஓட்டத்தைக் கழற்ற முடியாது.

கூத்துக் களத்துக்குத் திரும்பினால் கர்ணன் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்தவன். அது அவன் தேடிக்கொண்ட அனுகூலம் இல்லை. உடலோடு ஒட்டி வந்தது. அது இருக்கும்வரை அர்ச்சுனன் வெல்ல முடியாது என்று இந்திரன் கிழ வேதியனாக வந்து யாசித்து வாங்கிப் போகிறான். நம் காலத்துச் சங்கங்கள் கேட்பதும் இதைத்தான். 800 மீட்டரில் உலக சாம்பியனான தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா, ஹார்மோனைக் குறைக்கும் மருந்தை 2010 முதல் 2015 வரை உட்கொள்ள நேர்ந்தது; அதனால் உடல் நலிந்ததாகச் சொன்னார். மேலும் ஓட வேண்டுமானால் மீண்டும் மருந்து எடுக்க வேண்டும் என்ற விதி வந்தபோது மறுத்து வழக்காடினார். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் அவருக்கு நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது.

கவசத்தை வாங்கியதற்கு மகாபாரதம் வைத்திருக்கும் நிபந்தனைகளைக் கவனியுங்கள். இந்திரன் வருவதைச் சூரியன் முன்கூட்டியே மகனிடம் சொல்லிவிடுகிறான். கர்ணன் அறிந்தே கொடுக்கிறான். தேவராஜன் கையேந்தி நிற்கிறான். வாங்கியவன் சும்மா போகவில்லை; சக்தி ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இத்தனைக்குப் பிறகும் கூத்துப் பார்க்கும் ஜனங்கள் இந்திரனை மெச்சுவதில்லை. சாந்திக்கு முன்னறிவிப்பு இல்லை, சம்மதம் இல்லை, ஈடும் இல்லை.

இந்தியாவில் ஒருவர் மட்டும் இதை எதிர்த்து வென்றார். ஒடிசாவின் டுட்டீ சந்த் 2014-இல் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டதும் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015-இல் அன்றைய ஹார்மோன் விதி நிறுத்திவைக்கப்பட்டது. 2018 ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார். அவருக்கு வழக்கறிஞர்கள் துணை நின்றார்கள். சாந்திக்கு 2006-இல் அப்படி யாரும் இல்லை.

காலம் இப்போது மறுபடி திரும்பியிருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. டோக்கியோ உலகப் போட்டியில் அது நடைமுறைக்கு வந்தது. விதி சரியா தவறா என்ற வழக்கு நீளும். அதற்குள் நம் கிராமத்துப் பெண் பிள்ளைகள் அந்தச் சோதனை மேசைக்குப் போகப்போகிறார்கள். அவர்கள் போகுமுன் விளக்கிச் சொல்ல ஒரு பெண் மருத்துவரும், வாதாட ஒரு வழக்கறிஞரும், முடிவு வெளியே கசியாது என்ற சட்டப்படியான உறுதியும் இருக்க வேண்டும். இதைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இன்றே ஏற்பாடு செய்யலாம்.

சாந்தி அந்த ஆணையத்திலேயே பயிற்சியாளராகி, 2016-இல் நிரந்தரப் பணி பெற்றவர். அவர் வெள்ளிப் பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. அதைத் திருப்பித் தரும்படி இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் முறையாகக் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு அதற்குத் துணை நிற்க வேண்டும்.