கூலி எவ்வளவு என்பதற்கு முன்னே...

 

ஹோட்டல் தொழில் படித்த நம் வாலிபர்கள் அமீரகத்திற்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடி இண்டர்வியூவுக்குச் செல்கிறார்கள். திரும்பி வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதே. "என்ன வேலை?" என்று கேட்கும் வாப்பாமார் குறைவு.

அந்தக் கேள்வி இன்று மிக அவசியமாகிவிட்டது. சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டு இரண்டு பெரும் சூதாட்ட விடுதிகள் திறக்கப்பட்டன. அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் எழும் ஒரு விடுதிக்கும் 2024-இல் சூதாட்ட உரிமம் வழங்கப்பட்டது. அரபு நாடுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை அனுப்பிவைக்கும் காலம் இதுவல்ல.

வேலை கேட்பதையும் கூலி பேசுவதையும் மார்க்கம் வெறுக்கவில்லை. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய நிகழ்ச்சியை ஸூரத்துல் கஸஸில் ஓதிப் பாருங்கள். பெரியவரின் மகள் எடுத்துச் சொன்ன தகுதிகள் இரண்டு: உடல் வலிமை, நம்பிக்கை. பெரியவர் எட்டாண்டு தவணை சொன்னார். பத்தாக்குவதை மூஸா (அலை) அவர்களின் விருப்பத்திற்கு விட்டார். சிரமப்படுத்த மாட்டேன் என்றும் வாக்களித்தார். எந்தத் தவணையை நிறைவேற்றினாலும் தம்மீது வரம்பு மீறக் கூடாது என்று மூஸா (அலை) அவர்கள் தெளிவாக்கினார்கள். அல்லாஹ்வே அதற்குச் சாட்சி. வேலை, தவணை, பிரதிபலன் யாவும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டன.

ஆகவே, கூச்சப்படாமல் பேசுங்கள். அடிப்படைச் சம்பளம், உணவு, தங்குமிடம், மிகைநேரக் கூலி ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். அமீரகச் சட்டப்படி பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படும். முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். படிகளைக் கூட்டி அடிப்படையைக் குறைத்தால் நஷ்டம் உங்களுக்கே. வேலைக்குச் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதையும் அச்சட்டம் தடுக்கிறது. முழு வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிரி என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. உரிமையைக் கேட்பது பேராசையாகாது.

ஆனால், இவ்வளவும் வேலை ஹலாலாக இருந்தால்தான். சூதாட்ட மேசை வேலைக்கு வருபவரிடம் சீட்டைக் கலைக்கும் கைத்திறனையும், பணத்தை மனக்கணக்காகப் பெருக்கும் வேகத்தையும் சோதிப்பார்கள். கணக்கு தெரிந்த பிள்ளை இந்தக் கணக்கையும் போடட்டும். ரூலட் சக்கரத்தில் பூஜ்யம் முதல் 36 வரை 37 எண்கள். வென்ற எண்ணுக்கு ஒன்றுக்கு 35 பங்கு. எல்லா எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தால், வைத்த ரூபாயும் சேர்ந்து 36 திரும்பும், ஒன்று போய்விடும். அந்த ஒரு ரூபாய்தான் விடுதியின் லாபம். வேலைக்காரருக்குச் சம்பளமாக வருவதும் அதுவே. அது யார் வீட்டு அடுப்பு அணைந்து வந்த காசோ!

மதுவும் சூதும் ஷைத்தானின் செயல்கள் என்று ஸூரத்துல் மாயிதா விலக்கிவிட்டது. தோழரைச் சூதாட வாய்வார்த்தையாக அழைத்தவர்கூட ஸதகா செய்யட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. ஒரு வார்த்தைக்கே இப்படியென்றால், அழைப்பதையே அன்றாட உத்தியோகமாகக் கொண்டவர் நிலை என்ன? மது விஷயத்திலோ, ஊற்றிக் கொடுப்பவரும் சுமந்து செல்பவரும்கூட சாபத்திற்குரியோர்.

சீட்டுப் போடுவது, சூதாட்டப் பணத்தை மாற்றித் தருவது, மது பரிமாறுவது ஆகியவை தெளிவான ஹராம். சாதாரண ஹோட்டலில் அறை பெருக்குவது, துணி வெளுப்பது, ஹலால் உணவு சமைப்பது போன்ற உழைப்பு ஆகுமானது. ஆயினும், "மதுக்கூடத்திற்கு என்னை அனுப்புவீர்களா?" என்று கையெழுத்திடுமுன் கேளுங்கள். சூதே பிரதான வருமானமான விடுதியில் மற்ற வேலைகளையும் விட்டு விலகுவதே பேணுதல்.

கடன் கழுத்தை நெரிக்கிறது, குமர் கரையேற வேண்டும் என்பீர்கள். உண்மைதான். அந்தக் கவலையே பிள்ளையைத் தவறான வாசலுக்குத் தள்ளுகிறது. தக்வா உடையவருக்கு அல்லாஹ் ஒரு வழியை உண்டாக்கி, எண்ணிப் பாராத புறத்திலிருந்து ரிஸ்க் அளிப்பதாக ஸூரத்துத் தலாக்கில் வாக்களித்துள்ளான். குறைந்த சம்பளத்துடன் வரும் மகனைக் குத்திப் பேசாதீர்கள். ஏற்கெனவே அவ்வேலையில் இருப்பவர் இன்றே வேறு வேலை தேடத் தொடங்கட்டும். வீட்டார் செலவைச் சுருக்கி அவருக்குத் தோள் கொடுக்கட்டும்.

தாய்மார்களே! அடுத்த முறை பிள்ளை இண்டர்வியூ முடிந்து வந்தால், "என்ன வேலை வாப்பா?" என்று முதலில் கேளுங்கள். சம்பளத்தைப் பிறகு பேசலாம்.

ஹலாலான ரிஸ்க்கையும் அதில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.