பல்லைக் கடிச்சுக்கிட்டு...

காதுக்குக் கொஞ்சம் முன்னால் விரலை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். (பஸ்ஸில் படிக்கிறவர்கள் இறங்கிய பிறகு செய்யலாம்.) விரலுக்கு அடியில் ஏதோ நகர்கிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு. அதற்கும் காதுக் குழாய்க்கும் நடுவே மெல்லிய எலும்புச் சுவர்தான். மூட்டுக்கு வருகிற நரம்பே காதின் ஒரு பகுதிக்கும் போகிறது. அதனால் மூட்டு மக்கர் செய்தால் காது வலிக்கும், அடைத்த மாதிரி இருக்கும், சிலருக்கு 'ஙொய்' என்று இரையும். மெல்லுகிற தசை ஒன்று நெற்றிப்பொட்டுக்கு மேலே விசிறி போல விரிந்திருப்பதால் தலைவலியும் சேர்ந்துகொள்ளும்.

இந்தத் தொல்லை கிழவர்களைவிட இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம். அதிலும் பெண்களுக்கு. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, 'காது நல்லாத்தானே இருக்கு' என்பார். தலைக்கு ஸ்கேன் எடுத்தால் 'நார்மல்'. வீட்டில் தீர்ப்பு வந்துவிடும். பெருந்துறைப் பக்கமாக இருந்தால் இப்படி: ''அதான் ஒண்ணுமில்லீன்னு சொல்லிட்டாங்கல்ல... கொஞ்சம் பல்லக் கடிச்சுட்டு இருந்துக்க கண்ணு.''

இந்த நோயில் செய்யவே கூடாத காரியம் அதுதான்! சும்மா இருக்கும்போது உதடுகள் மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள்.

1934-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது டாக்டர், காது வலி, காதடைப்பு, தலைவலி என்று வந்த சில நோயாளிகளின் தாடை மூட்டைச் சந்தேகப்பட்டு ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பல் விழுந்ததால் தாடை பின்னுக்குப் போய் நரம்பை அழுத்துகிறது என்பது அவர் சொன்ன காரணம். பின்னால் வந்தவர்கள் அதைத் தப்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. 'காதில் கோளாறு இல்லை' என்பதை 'வலி இல்லை' என்று அவர் படிக்கவில்லை.

பெருந்துறையில் காசநோய் சானடோரியம் இருந்த இடத்தில்தான் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காசநோய் எக்ஸ்ரேயில் தெரிகிற நோய். தெரிந்ததால் கட்டில் கிடைத்தது. படத்தில் தெரியாத வலிக்கு நாம் கொடுப்பது அறிவுரை மட்டும்தான்.

சரி, பொறுத்துக்கொள்வது நல்ல குணம் இல்லையா? சந்தேகமே வேண்டாம், நல்ல குணம்தான். வறண்ட பூமியில் ஆழக் கிணறு வெட்டி, கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த சனங்கள் பொறுமையைப் பெருமையாக நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் கிணறு, அவர்கள் காடு. பொறுத்தவரே பலனையும் பார்த்தார்.

2000-களில் ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவலாக இருந்தது. கல்யாணமாகாத பெண்கள் மூன்று வருஷம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். முடிவில் மொத்தமாக ஒரு தொகை. நடுவில் முடியாமல் கிளம்பினால் பல இடங்களில் அந்தத் தொகை கிடையாது. அவர்களுக்கெல்லாம் தாடை வலி வந்தது என்று சொல்லவரவில்லை. 'மூணே வருஷம், பல்லக் கடிச்சுக்க' என்று சொன்னவர் ஒருவர், கடித்தவர் இன்னொருவர். நான் கவனிக்கச் சொல்வது அதைத்தான்.

பொறுமையை நான் எடுத்துக்கொண்டால் அது என் குணம். அடுத்தவருக்கு நான் எழுதிக்கொடுத்தால் அது என் சௌகரியம். பல நேரங்களில், 'உன் வலியை மேற்கொண்டு கேட்க எனக்கு நேரமில்லை' என்பதன் மரியாதையான வடிவம்.

'எல்லாம் டென்ஷன்தான்' என்று சொல்லி அனுப்புவதும் இதே ரகம்தான். மன அழுத்தம் ஒரு காரணமாக இருக்கலாம். அடிபட்டிருக்கலாம், மூட்டுக்குள் இருக்கும் சவ்வுத்தட்டு விலகியிருக்கலாம், மூட்டு வாதமாகவும் இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. கொஞ்ச நாள் மெத்தென்ற சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், சூயிங்கத்துக்கு விடுமுறை, தேவைப்பட்டால் பல் டாக்டர் செய்து தரும் பல்லுறை. இதிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

வீட்டில் யாராவது காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ரிப்போர்ட்டைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். ''எப்பப்ப வலிக்குது? மெல்லும்போதா, காலையில எந்திரிச்சதுமா?'' என்று கேளுங்கள். டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்பார்.