தாயை விசாரித்தது போதும்

மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் முதலில் விசாரிக்கப்படுகிறவள் பெற்றவள்தான். கிரகணத்தன்று வெளியே தலை காட்டினாயா? வயிற்றுப் பிள்ளையோடு உச்சிப்பொழுதில் ஆற்றைக் கடந்தாயா? முனியாண்டிக்கு நேர்ந்ததைக் கொடுத்து முடித்தாயா? அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுப் பெரியவர்கள் கோடாங்கியிடம் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

அந்த இரவு நடப்பதைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. கதவைச் சாத்திவிட்டால் சாம்பிராணிப் புகை வெளியேற வழியில்லை. காதுக்கருகே உடுக்கை. முகத்தில் வேப்பிலை வீச்சு, நெற்றியை அழுத்தும் முன்பின் தெரியாத கை. ஓட்டிசமுள்ள பிள்ளைகள் பலருக்குச் சத்தமும் தொடுகையும் தாங்க முடியாத கூர்மையோடு வந்து விழும். பிள்ளை இரு காதையும் பொத்திக்கொண்டு அலறுகிறது, தலையைச் சுவரில் மோதுகிறது. பேய் அசைந்துகொடுக்கிறது என்று உடுக்கை இன்னும் வேகமெடுக்கிறது. இதைச் சித்திரவதை என்றுதான் சொல்வேன். செய்கிறவர்கள் பாசத்தோடு, வட்டிக்கு வாங்கிய காசில் செய்கிறார்கள் என்பதால் பிள்ளையின் வலி குறைந்துவிடாது.

இதுவரை சொன்னதைப் பகுத்தறிவாளர்கள் எல்லோரும் ஏற்பார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்து மறைந்த பகுத்தறிவாளர் டொக்டர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தி தனக்கு உண்டென்று ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் கண்மூடும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. அதே அறுபதுகளில், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் புருனோ பெத்தல்ஹைம் என்ற பேராசிரியர், ஓட்டிசத்துக்குக் காரணம் பெற்றோரின் மனம் என்று சோதித்துப் பார்க்காமலே சாதித்தார். இந்தப் பிள்ளை இல்லாமலே போகட்டும் என்று பெற்றோர் உள்ளூர விரும்புகிறார்கள், அதை உணர்ந்த பிள்ளை தன்னைப் பூட்டிக்கொள்கிறது என்பது 1967இல் அவர் வெளியிட்ட நூலின் வாதம். நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்டு மீண்டவர் அவர். அங்கே கைதிகளிடம் கண்ட ஒடுக்கத்தை இந்தப் பிள்ளைகளிடமும் கண்டதாக எழுதினார். அப்படியானால் முகாம் காவலரின் இடத்தில் தாய் நிற்க வேண்டும். படித்த உலகம் இதைக் கொண்டாடியது. ஆதாரம் எங்கே என்று 1964இலேயே நூல் எழுதிக் கேட்டவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளர், அதைவிட முக்கியமாக, ஓட்டிசமுள்ள மகனின் தகப்பன்.

1943இல் பதினொரு பிள்ளைகளை வைத்து ஓட்டிசத்தை விரிவாக விவரித்த லியோ கானர்கூட, பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தைப் பற்றிப் பேசியவர்தான். 1969இல் அவர் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில், உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். இருபது முப்பது வருடங்களாக அந்தத் தாய்மாரைக் குற்றவாளிகளாக வைத்திருந்தது எந்தக் கோடாங்கி? உடுக்கைக்குப் பதில் பட்டமும் ஆராய்ச்சிக் கட்டுரையும் வைத்திருந்தவர்கள்தான். சோதித்துப் பார்க்காத எந்த நம்பிக்கையும் மூடநம்பிக்கைதான். அதைச் சொல்கிறவர் எந்த உடையில் வந்தாலும் சரி.

சோதித்துப் பார்த்தவர்கள் லண்டனில் ஆய்வாளர்கள் மைக்கல் ரட்டரும் சூசன் போல்ஸ்டைனும். 1977இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் 21 சோடி இரட்டையர்கள். 11 சோடி ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், 10 சோடி தனித்தனிக் கருவில் உண்டானவர்கள். முதல் வகையில் 4 சோடிகளில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. இரண்டாம் வகையில் ஒரு சோடியில்கூட அப்படி இல்லை. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே தாய். குறை தாயின் மனதில் என்றால் இரண்டு வகையிலும் ஒரே கணக்கு வந்திருக்க வேண்டும். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதே திசையைக் காட்டின. ஐந்து நாடுகளில் இருபது இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, பிள்ளைக்குப் பிள்ளை இதில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபணு வேறுபாட்டோடு சேர்ந்தது என்று கணித்தது. ஒற்றை மரபணு அல்ல, நூற்றுக்கணக்கானவை.

எல்லாமே பெற்றோரிடம் இருந்து வருவதும் இல்லை. சில மாற்றங்கள் பிள்ளையிடம்தான் முதன்முதலாகத் தோன்றுகின்றன. தகப்பனின் வயது ஒரு வருடம் கூடினால் அப்படிப்பட்ட புதிய மாற்றங்கள் சுமார் இரண்டு கூடுகின்றன என்று ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு 2012இல் காட்டியது. பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆவதில்லை. அபூர்வமாக ஒன்று ஓட்டிசத்துக்குப் பங்களிக்கலாம். எந்த லயத்திலாவது தகப்பனின் வயதைக் கேட்டு விசாரித்திருக்கிறார்களா? கேட்கவும் வேண்டாம், அவன்மேலும் குற்றமில்லை. அந்தக் கேள்வி யார் வாயிலும் வராததிலேயே, விசாரணை காரணத்தைத் தேடவில்லை, ஒரு பெண்ணைத்தான் தேடியது என்பது தெரிகிறது.

கோடாங்கியை நம்பாத படித்த பிள்ளைகள் இப்போது வேறு குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பரா என்ற தோட்டக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள், கையில் போனைக் கொடுத்தாள், அதனால்தான் இப்படியாம். இதே ரட்டர்தான் ருமேனிய அநாதை விடுதிகளிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன பிள்ளைகளையும் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார். தூக்குவாரும் பேசுவாரும் இல்லாமல் தொட்டிலிலேயே கிடந்த அந்தப் பிள்ளைகளில் சிலரிடம் ஓட்டிசம் போன்ற தன்மைகள் இருந்தன. ஆனால் அது வழக்கமான ஓட்டிசத்திலிருந்து பல வகையில் வேறுபட்டது, வளர வளரச் சிலரிடம் தணிந்தது. அவ்வளவு கொடிய கைவிடலையும், பகலில் ஆயாவிடம் விட்டுவிட்டு மாலையில் தூக்கி அணைக்கும் தாயின் உழைப்பையும் ஒன்றாக்கிப் பேசுவது அறியாமை.

மரபணு என்றதும் இன்னொரு ஆபத்தும் பின்னாலேயே வருகிறது. பரம்பரைக் கோளாறு என்று சொல்லி அந்தப் பிள்ளையின் அக்காவுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகிறார்கள். தலையெழுத்து என்ற பழைய தீர்ப்பை மரபணு என்ற புதுப் பெயரில் எழுதினால் நமக்கு அறிவு வந்துவிட்டதாக ஆகாது. காரணம் தெரிந்தால் என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். குற்றவாளி கிடைத்தால் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதனால்தான் நமக்குக் குற்றவாளி பிடித்திருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்பதற்கு லண்டன்வரை போக வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறுவர் மனநல மருத்துவர் ஹேமமாலி பெரேரா 2009இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 24 மாதமுள்ள 374 பிள்ளைகளில், 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் தெரிந்தது. மேல்நாட்டில் தயாரான கேள்வித்தாள், ஓட்டிசம் இருந்தவர்களில் நாலில் ஒரு பங்கைத்தான் பிடித்தது. நம் தாய்மாருக்குப் புரியும்படி படங்களைக் காட்டிக் கேட்கும் முறையை அவரது குழு பின்னர் உருவாக்கியது. தாய்மாரையே பழக்கி, வீட்டில் வைத்தே சிறுவயதில் பயிற்சி கொடுக்கச் செய்து, பிள்ளைகள் முன்னேறுவதையும் பதிவுசெய்தது.

மலையகத்தில் இந்த இடத்தில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டுப் பயிற்சிக்குத் தாயின் நேரம் வேண்டும். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உள்ள தாய் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போனால் மாலை நிறுவை முடிந்துதான் லயத்துக்குத் திரும்புவாள். நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். கிளினிக்குக்குப் போக ஒரு நாள் நின்றால் அந்த நாளுக்குப் பேரே இல்லை. தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் நாடு முழுவதிலும் மிகச் சிலரே. பயிற்சி தொடங்க வேண்டிய வயது இரண்டும் மூன்றும். அந்த வயதில் பிள்ளை இருக்குமிடம் பிள்ளைக்காம்பரா. அங்குள்ள ஆயாவுக்கு, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அடையாளம் காண யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா?

தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேட்கிறேன். இந்தத் தாயும் உங்கள் சங்கத்துக்குச் சந்தா கொடுத்தவள்தான். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, இப்படிப்பட்ட பிள்ளையோடு கிளினிக் போகும் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும் என்பதைக் கோரிக்கையாக எழுதிக்கொண்டு போங்கள். கோயில் கமிட்டிக்காரர்களே, திருவிழா வசூலில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளைக்காம்பரா ஆயாவையும் ஒரு பயிற்சிக்கு அனுப்புங்கள். பகுத்தறிவு பேசும் நண்பர்களே, கோடாங்கியின் வாசலில் நின்று தாயைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு, அவளோடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுங்கள்.