ஒருவர் தாங்கும் பல வேடம்

குண்டலுபேட்டையில் எம் இல்லத்துக் கணினியில் என் மகன் ஆடும் விளையாட்டில் வீரன், வைத்தியன், வணிகன் என மூவரை ஒருங்கே இயக்குகிறான். தொலைவிலிருந்து உடனாடுவோர் அம்மூவரையும் வெவ்வேறு ஆட்கள் என்றே நம்புகின்றனர். "இது பொய்யல்லவா?" என்றேன். "சிவாஜி ஒன்பது வேடம் போட்டது பொய்யா, அப்பா?" என்றான்.

விடை காண எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

1964-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'நவராத்திரி'யில் நடிகர் திலகம் ஒன்பது சுவைக்கும் ஒன்பது உருவாக வந்தார். தோற்பாவைக் கூத்திலோ, திரைக்குப் பின்னமர்ந்த ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும் சீதையாகவும் குரல் மாற்றிப் பேசுவார். அவையோர் இதனை அறிவர்; அறிந்தே மயங்குகின்றனர். அவ்வுடன்பாடே கூத்தைப் பொய்யினின்று பிரிக்கிறது. மகனின் தோழர்களுக்கோ அவ்வறிவு இல்லை. வென்ற பொருளைப் பங்கிடுகையில் மூன்று பங்கு இவனுக்கே சேர்கிறது.

இத்தீர்ப்பைக் கூற வாயெடுத்தபோது என் வேடம் நினைவுக்கு வந்தது. 2016 செப்டம்பரில் காவிரிப் பூசலால் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்த நாட்கள். மைசூரிலிருந்து திரும்புகையில், ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். "ஆமேலெ மாத்தாடுத்தீனி" என்று கன்னடத்தில் கூறித் துண்டித்தேன். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. பேருந்தில் எவரும் என்னை வெறுத்து நோக்கவில்லை. பக்கத்து முதியவர் தம் வேர்க்கடலையில் ஒரு பிடி தந்தார். அச்சத்தில் பூண்ட வேடமும் ஆதாயத்திற்குப் பூண்ட வேடமும் ஒன்றல்லதான். ஆயினும் அக்கடலையை அவர் எவருக்குத் தந்தார்?

இதை மகனிடம் சொன்னேன். "பாட்டி என்ன நினைத்தார்கள்?" என்றான்.

தவறான எண்ணென்று கருதி, அம்மா மறுபடியும் அழைத்தார். நான் எடுக்கவில்லை.