கைக்குத் திரும்பும் சீட்டு

ஒரு பொருளை நேசிக்கிறவன் அதைப் புழங்க வேண்டுமா, பத்திரப்படுத்த வேண்டுமா என்ற கேள்வி, எனக்கு நகையாலோ நூலாலோ எழாமல், உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டைச் சீட்டால் எழுந்தது.

ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற கணித அறிஞர் உருவாக்கி, 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் ஆட்டத்தில், ஆடுகிறவர்கள் மந்திரவாதிகளாகித் தங்கள் சீட்டுக்கட்டுகளைக் கொண்டு பொருதுகிறார்கள். 1999-இல் ‘உர்ஸாஸ் லெகசி’ என்ற தொகுதி வந்தபோது, அதன் பாக்கெட்டுகளில் சாதாரணச் சீட்டுகளிடையே எப்போதாவது ஒன்று, மெல்லிய உலோகப் பளபளப்போடு, சாய்த்துப் பிடித்தால் வானவில்லின் வர்ணங்களைச் சிந்திற்று. அதுதான் ஃபாயில். ஆட்டத்தில் அதற்கு அணுவளவும் அதிக வலிமை கிடையாது. ஆயினும், அத்தொகுதியின் 143 சீட்டுகளையும் ஃபாயிலாகவே சேர்த்துவிட வேண்டுமென்று வருஷக்கணக்கில் தேடுகிறவர்களின் தாகத்தை நான் அறிவேன். பயன் கருதாமல் அழகுக்காகவே ஒன்றை விரும்புவது மனித சித்தத்தின் மேலான இயல்புகளில் ஒன்றென்றே கருதுகிறேன்.

என்னிடம் இருப்பது ‘ரேங்கர்’ என்ற ஃபாயில். தீராத வன்மம் என்பது அப்பெயரின் பொருள். அபூர்வ வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் அதன் விதி விசித்திரமானது. ஒரு பிராணியின் மேல் ஏற்றினால் அதன் தாக்கும் பலத்தை இரண்டு கூட்டும். களத்திலிருந்து, கழிந்த சீட்டுகள் சேரும் ‘இடுகாட்டு’க்குப் போனாலோ, அங்கே தங்காமல் உரியவன் கைக்கே திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட சீட்டைத்தான் நான் உறையிலிட்டு, உறையை ஆல்பத்திலிட்டு, ஆல்பத்தைப் பெட்டியிலிட்டுப் பூட்டினேன்.

நெடுநாள் கழித்துத் திறந்தபோது அது வில்லாய் வளைந்திருந்தது. காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும். அதனோடு ஒட்டிய படலம் விரியாது. ஆகவே ஒன்றைவிட்டு ஒன்று பிரியவும் மாட்டாமல், ஒன்றாக நீளவும் மாட்டாமல், இரண்டும் சேர்ந்து வளைகின்றன. எந்தப் படலம் ஒளியைத் தந்ததோ அதுவே கோணலையும் தந்தது என்று உணர்ந்தபோது, எனக்கு அதன்மேல் வருத்தத்தைவிட வாஞ்சையே மிகுந்தது. போட்டிகளில் இந்தக் கோணல் சிறிய விஷயமன்று. கட்டில் எந்தச் சீட்டு எங்கே இருக்கிறதென்று முதுகுப்புறத்திலிருந்து தெரியக்கூடாது. வளைவால் தனித்துத் தெரிகிற ஃபாயிலை, அடையாளம் பட்ட சீட்டென்று நடுவர் விலக்கிவிடலாம்.

வீட்டில் நடுவர் இல்லை. அன்றிரவே அதைக் கட்டில் சேர்த்துக் கலைத்து, நண்பனின் முன்னே வைத்தேன். மேலே சற்றே தூக்கிக்கொண்டு நின்ற சீட்டைப் பார்த்துவிட்டு அவன், “அடுத்து உனக்கு என்ன வரப்போகிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டதே அப்பா!” என்றான்.

“தெரியட்டும்” என்று சொல்லி, நான் அதை எடுத்துக் கையில் பிடித்தேன்.